இணையத்தில் பெயர் எடுப்பது: படைப்பாளியின் அடையாளம் பற்றி ஓர் ஆய்வு

ஓவியர், ஒளிப்படக் கலைஞர், எழுத்தாளர், இசைக் கலைஞர், வடிவமைப்பாளர் என்று கைத்திறனை நம்பிப் பிழைக்கிற எவருக்கும் இன்று இரண்டு அறிவுரைகள் வந்து சேர்கின்றன. ‘வேலையை ஒழுங்காகச் செய், அது தானே பேசும்’ என்பது மூத்தவர்கள் சொல்வது. ‘தினமும் முகத்தைக் காட்டு, இல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள்’ என்பது சந்தைப்படுத்தல் வகுப்பு எடுக்கிறவர்கள் சொல்வது. முதல் அறிவுரையை நம்பியவர்களில் பலரை யாருக்கும் தெரியாது. இரண்டாவதை நம்பியவர்களில் பலருடைய முகம் தெரியும். அவர்கள் செய்த வேலை என்னவென்று கேட்டால் பதில் வராது.

பெயர் நிலைத்தவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள், அவர்கள் கால் ஊன்றிய தளங்கள் எவ்வளவு உறுதியானவை, பணம் எந்த வழியில் வந்தது, அதற்கு என்ன விலை கொடுத்தார்கள், சட்டம் எவ்வளவு தூரம் துணை வருகிறது என்ற கேள்விகளை வரிசையாகப் பார்க்கிறது இக்கட்டுரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இணையத்தில் நிலைக்கிற அடையாளம் ஒரே திசையில் நெடுநாள் செய்த வேலையிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் அந்த வேலையோடு தன் பெயரையும் முகவரியையும் சேர்த்துக் கட்டத் தெரியாதவருக்கு அதன் பலன் வந்து சேர்வதில்லை.

பழைய வழக்கங்கள்

படைப்போடு பெயரைப் பிணைப்பது நமக்குப் புதிது அன்று. குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்று சில புலவர்கள் இருக்கிறார்கள். பெற்றோர் வைத்த பெயர் தொலைந்துவிட, அவரவர் பாட்டில் வந்த காட்சியையே தொகுத்தவர்கள் பெயராகச் சூட்டிவிட்டார்கள். ஊர் தெரியாது, குலம் தெரியாது, முகம் தெரியாது. இத்தனை நூற்றாண்டுகள் கழித்தும் ஆள் மாறிப்போகவில்லை. வேலை மட்டுமே பேசிய நிலைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

தேவாரத்தில் வேறொரு வழி தெரிகிறது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களை நிறைவு செய்யும் திருக்கடைக்காப்பில் தம் பெயரையும் சீகாழி என்னும் தம் ஊரையும் வைத்துப் பாடினார். பதிகம் எந்தத் தலத்துக்குப் போனாலும், எவர் வாயில் ஒலித்தாலும், பாடியவர் யார் என்பது பாட்டுக்குள்ளேயே இருக்கும். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் வரும் ‘குருகுஹ’ முத்திரையும் அதே வேலையைச் செய்கிறது. ஓவியத்தின் ஓரத்தில் போட்ட கையெழுத்தைக் கத்தரித்துவிட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் இந்தக் காலத்தில் கலைஞருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கையெழுத்து ஓரத்தில் இருந்தால் போய்விடும். உடம்போடு கலந்திருந்தால் போகாது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வேலையில் பாதியைப் பத்திரிகைகள் செய்துகொடுத்தன. கோபாலன் என்ற இளம் ஓவியருக்குக் ‘கோபுலு’ என்று பெயர் வைத்தவர் ஆனந்த விகடனின் மாலி. குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் ஏற்கனவே இருந்ததால், எஸ். ரங்கராஜன் தன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ஒரே பெயரில் இருவர் இருந்தால் வாசகர் குழம்புவார் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. தேடுபொறியில் ஒரு பெயரைத் தட்டினால் ஐம்பது பேர் வந்து நிற்கிற இன்றைய நிலையில் அந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும்.

ஆசிரியர் தேர்ந்தெடுத்தார், பெயர் வைத்தார், எந்தப் பக்கத்தில் எந்த வாரம் என்று தீர்மானித்தார், வாசகரையும் கொண்டுவந்து கொடுத்தார். இணையம் அந்த ஆசிரியரை நடுவிலிருந்து எடுத்துவிட்டது. அவர் பார்த்த நான்கு வேலைகளும் இப்போது கலைஞரின் தலையில் விழுந்திருக்கின்றன.

‘நீயே ஒரு பிராண்ட்’ என்ற எண்ணம்

மனிதர்கள் பிறர் முன்னிலையில் மேடையில் நிற்பதுபோலத் தங்களை அமைத்துக்கொள்கிறார்கள் என்று சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1950களிலேயே விரிவாக எழுதினார். அதை வணிக மொழிக்கு மாற்றியவர் நிர்வாக எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ். 1997 ஆகஸ்டில் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, ஒவ்வொருவரும் தன்னையே ஒரு நிறுவனமாகவும் ஒரு பிராண்டாகவும் நடத்த வேண்டும் என்றது. 2008இல் கெவின் கெல்லி ‘ஆயிரம் உண்மையான ரசிகர்கள்’ என்ற கட்டுரையை எழுதினார். படைப்பாளிக்குக் கோடிக்கணக்கான பேர் வேண்டாம், எது செய்தாலும் வாங்குகிற ஆயிரம் பேர் போதும் என்பது அவர் வாதம். அதே 2008இல் ஆய்வாளர் தெரசா செஃப்ட், வலைக்கேமரா வழியே சிறு வட்டத்தில் புகழ் தேடிய பெண்களைப் பற்றிய நூலில், இணையத்தில் சாதாரண மனிதரும் நட்சத்திரங்களின் உத்திகளைக் கையாளும் போக்கை விளக்கினார். 2020இல் முதலீட்டாளர் லி ஜின், ஆயிரத்தை நூறாகக் குறைத்து அதே கணக்கை மறுபடி போட்டார்.

இந்த வரிசையில் ஒரு விஷயம் பலர் கண்ணில் படாமல் போகிறது. பீட்டர்ஸ் எழுதியது, நிரந்தர வேலை என்ற உறுதி தளர்ந்துகொண்டிருந்த அமெரிக்க அலுவலக ஊழியர்களுக்காக. அலுவலக ஊழியரிடம் தனியாக எடுத்துக் காட்டும்படி ஒரு படைப்பு பெரும்பாலும் இருக்காது. அவர் விற்க வேண்டியது தன்னைத்தான். படைப்பாளியின் நிலை அப்படியில்லை. அவரிடம் படம் இருக்கிறது, கதை இருக்கிறது, மெட்டு இருக்கிறது. ஊழியருக்கு எழுதிய அறிவுரையைக் கலைஞர்கள் அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டதில்தான் இன்றைய குழப்பத்தில் பாதி தொடங்குகிறது. காலையில் குடித்த காபியையும் மாலையில் போன நடையையும் பதிவிட்டுவிட்டு, வரைந்த படத்தை வாரக் கடைசிக்குத் தள்ளுகிற வழக்கம் அங்கிருந்து வந்தது.

அடையாளத்தின் உறுப்புகள்

பெயர் நிலைத்தவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு கூறுகள் தென்படுகின்றன: பொருள், பாணி, கால ஒழுங்கு, பெயர்.

முதலாவது பொருள். ஓவியர் எஸ். இளையராஜாவை எடுத்துக்கொள்ளலாம். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். தமிழகக் கிராமத்துப் பெண்கள், பழைய வீட்டின் கதவு, முற்றம், சாய்ந்து விழும் வெயில் என்று அவர் வரைந்த உலகம் குறுகியது. ஒளிப்படம் என்றே பலர் எண்ணிவிட்ட அந்த ஓவியங்கள் பத்திரிகையிலும் முகநூலிலும் பரவின. பெயர் இல்லாமல் ஒரு படம் வந்தாலும் ‘இது இளையராஜா வரைந்தது’ என்று சொல்லும் அளவுக்குக் கண்கள் பழகியிருந்தன. 2021 ஜூனில் கொரோனா தொற்றால் அவர் இறந்தபோது, அவரை நேரில் அறியாதவர்களும் அவர் ஓவியங்களைப் பகிர்ந்து அஞ்சலி செலுத்தினார்கள். எல்லாவற்றையும் வரைகிறவர் என்று பெயர் எடுப்பதைவிட ஒன்றைத் திரும்பத் திரும்ப ஆழமாக வரைகிறவர் என்று பெயர் எடுப்பது எளிது. அவருடைய வாழ்க்கை இதற்குச் சான்று.

இரண்டாவது பாணி. ஜெர்மானிய ஓவியர் கிறிஸ்டோஃப் நீமன் ஞாயிற்றுக்கிழமை ஓவியங்கள் என்ற வரிசையில் ஒரு சாதாரணப் பொருளைத் தாளின்மேல் வைத்து அதைச் சுற்றிக் கோடு வரைவார். மைக்கூடும் வாழைப்பழமும் வேறு ஏதாவது ஒன்றாக மாறிவிடும். நிபந்தனை ஒன்றுதான், விளைவு ஒவ்வொரு முறையும் வேறு. நம் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ இதையே வேறு துறையில் செய்தது. வயல்வெளி, பெரிய பாத்திரம், வெள்ளை வேட்டியில் பெரியவரும் பேரன்களும், போடும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் உரக்கச் சொல்லும் முறை, கடைசியில் பந்தி என்று ஒரு சட்டகம் அமைந்தது. 2018இல் தொடங்கிய அந்தச் சேனல், 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. மொழி தெரியாதவருக்கும் அடுத்து என்ன வரும் என்று தெரியும், எப்படி வரும் என்பதில் மட்டும் ஆவல் இருக்கும்.

பாணி முதல் நாளிலேயே கைக்கு வந்துவிடுவதில்லை. சிகாகோவில் கடன் பத்திர வர்த்தக வேலையை இழந்த பிராண்டன் ஸ்டான்டன், 2010இல் நியூயார்க் போய் அந்நகரவாசிகள் 10,000 பேரைப் படம் எடுத்து வரைபடத்தில் பதிப்பது என்று திட்டமிட்டார். படத்தோடு அந்த மனிதர் சொன்ன இரண்டு வரியைச் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் ‘ஹியூமன்ஸ் ஆஃப் நியூயார்க்’ தனக்கென்று ஒரு வடிவத்தைக் கண்டது. பல நாடுகளில், பல ஊர்களில் அதைப் பின்பற்றிப் பக்கங்கள் தொடங்கினார்கள். திட்டமிட்டது ஒன்று, தெருவில் கண்டுபிடித்தது வேறொன்று. லோகோவும் வண்ணத் தட்டும் தீர்மானித்த பிறகுதான் வேலையைத் தொடங்குவேன் என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது கால ஒழுங்கு. அமெரிக்க வடிவமைப்பாளர் மைக் விங்கிள்மன், பீப்பிள் என்ற பெயரில், 2007 மே 1 முதல் தினம் ஒரு படம் செய்து வெளியிட்டார். முதல் 5,000 நாட்களின் தொகுப்பு 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.93 கோடி டாலருக்குப் போனது. அந்த விலையை உலகமே பேசியது. அதை ஏற்றிவிட்ட என்எஃப்டி (டிஜிட்டல் படைப்புக்கான உரிமைச் சான்று) மோகம் சீக்கிரமே வடிந்தும்விட்டது. விலையை விலக்கிவிட்டுப் பார்த்தாலும், பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ஒரு நாளும் விடாத பழக்கம் மிஞ்சுகிறது.

தமிழில் இதற்கு நிகரான சாதனை ஜெயமோகனின் ‘வெண்முரசு’. மகாபாரதத்தை 26 நாவல்களாக, 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை, இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக அவர் எழுதி முடித்தார். அதோடு அவருடைய தளத்தில் வாசகர் கடிதங்களும் பதில்களும் இடைவிடாமல் வந்தன. அங்கே கூடிய வாசகர்களின் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் ஆண்டுதோறும் மூத்த படைப்பாளிகளுக்கு விருது வழங்கிவருகிறது. வாசகர் எண்ணிக்கை ஒரு சமூகமாக மாறுவது இப்படித்தான். அதைப் பதிவுக்குக் கிடைக்கும் விருப்பக்குறிகளை வைத்து அளக்க முடியாது.

நான்காவது பெயர். தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. தலைப்பெழுத்தும் இயற்பெயரும் மட்டும் கொண்ட பெயர்கள் பல ஒன்றுபோல இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு நான்கு எழுத்துக்கூட்டல்கள் வரும். எல்லாத் தளங்களிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல், தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து என்பது எளிய விதி. பலர் இதைக் கடைப்பிடிப்பதில்லை. இன்ஸ்டாகிராமில் ஒரு புனைபெயர், யூடியூபில் ஊர்ப்பெயர், விலைப்பட்டியலில் இயற்பெயர் என்று சிதறிக் கிடந்தால், பார்த்த மூவரையும் ஒருவர் என்று வாடிக்கையாளர் எப்படிக் கண்டுகொள்வார்?

நல்ல பெயர் ஒன்று கிடைத்தால் அது ஆளையும் தாண்டி வளரும். எஸ். ராமகிருஷ்ணன் ஆனந்த விகடனில் எழுதிய ‘தேசாந்திரி’ தொடரின் பெயரே பிறகு அவருடைய சொந்தப் பதிப்பகத்தின் பெயரானது. பத்திரிகையில் சம்பாதித்த பெயரைத் தன் வீட்டுக் கதவில் மாட்டிக்கொள்ள அவருக்குத் தெரிந்திருந்தது.

யாருடைய நிலம்?

பெயரைக் கட்டியாயிற்று, எங்கே கட்டினோம் என்பது அடுத்த கேள்வி. சமூக ஊடகத்தில் மட்டும் பெயரைக் கட்டுவது புறம்போக்கில் வீடு கட்டுவதைப் போன்றது. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் பட்டா வராது.

வரலாறு இதை மறுபடி மறுபடி காட்டியிருக்கிறது. ஆறு விநாடிக் காணொளிகளால் பல நகைச்சுவைக் கலைஞர்களை உருவாக்கிய வைன் செயலியை மூடப்போவதாக 2016 அக்டோபரில் ட்விட்டர் அறிவித்தது. 2018 ஜனவரியில் முகநூல், நண்பர்கள் குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை தந்து, பக்கங்களின் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளியது. அதே மாதம் யூடியூப், விளம்பர வருவாய் பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று வரம்பு வைத்தது. இசைக் கலைஞர்களின் கூடாரமாக இருந்த மைஸ்பேஸ், 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் சேவையக மாற்றத்தில் அழிந்துபோயின என்று 2019இல் ஒப்புக்கொண்டது. அழிந்தவை ஐந்து கோடிக்கும் மேல் என்று அப்போது செய்திகள் சொல்லின.

நமக்கு மிக அருகில் இது நடந்த நாள் 2020 ஜூன் 29. அன்று இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. சிற்றூர்களிலிருந்து நடித்தும் ஆடியும் பாடியும் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்திருந்த கலைஞர்கள் ஒரே இரவில் மேடை இழந்தார்கள். வேறு தளத்துக்கு இடம்பெயர்ந்து தப்பியவர்களும் உண்டு. உடன்குடியைச் சேர்ந்த ஜி. பி. முத்து யூடியூபுக்கு வந்தார். 2022இல் பிக்பாஸ் வரை போனார். அவருடைய பேச்சு நடை அவருடையதாகவே இருந்ததால் அது அவரோடு பயணப்பட்டது. டிக்டாக்கின் பின்னணிப் பாடலுக்கு வாயசைத்ததைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாதவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தளம் மட்டுமின்றி முதலாளியும் மாறலாம். ‘மெட்ராஸ் சென்ட்ரல்’ சேனலில் முகமாக இருந்த கோபியும் சுதாகரும் பிறகு ‘பரிதாபங்கள்’ என்று தங்கள் சொந்தச் சேனலைத் தொடங்கியபோது ரசிகர்கள் பின்னாலேயே வந்தார்கள். சேனலின் பெயர் நிறுவனத்தோடு தங்கியது, ஆட்களின் பெயர் ஆட்களோடு போனது. நிறுவனத்துக்காக வேலை செய்கிற ஒவ்வொரு வடிவமைப்பாளரும் எடிட்டரும் தன் பெயர் எங்கே பதிவாகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

இதற்குப் பரிகாரம் சிக்கலானதில்லை. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் சொந்த இணைய முகவரி ஒன்றை வாங்கலாம். அதில் தேர்ந்தெடுத்த பதினைந்து இருபது படைப்புகள், எந்த வேலைக்கு எப்படி அணுகலாம் என்ற குறிப்பு, தொடர்பு வழி ஆகியவை போதும். கூடவே வாசகர்களின் நேரடி முகவரிப் பட்டியல் வேண்டும். மேலைநாடுகளில் அது மின்னஞ்சலாக இருக்கிறது. 2017இல் தொடங்கிய சப்ஸ்டாக் அதையே தொழிலாக்கியது. தமிழ்நாட்டில் மின்னஞ்சல் கடிதம் திறந்து படிக்கும் பழக்கம் குறைவு என்பதால் வாட்ஸ்அப் பட்டியல் அந்த இடத்தை நிரப்புகிறது. எதுவானாலும் பட்டியல் கலைஞரின் கையில் இருக்க வேண்டும். சமூக ஊடகம் ஆட்களை அழைத்துவரும் தெரு. வந்தவர்கள் வீட்டுக்குள் நுழைகிறார்களா என்பதைக் கவனிப்பது நம் வேலை.

பணம் வரும் வழி

கெல்லியின் கணக்கு எளிமையானது. ஆயிரம் பேர் ஆண்டுக்கு 100 டாலர் தந்தால் ஒரு லட்சம் டாலர். நம் ஊருக்கு மாற்றினால் ஆயிரம் பேர் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் தந்தால் பத்து லட்சம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஆயிரம் பேரைத் தொடர்ந்து வாங்க வைக்க வாங்கத்தக்க பொருள் ஒன்று இருக்க வேண்டும்; பின்தொடர்கிறவர் எல்லாரும் வாங்குகிறவர் அல்லர்.

பாடகி அமாண்டா பால்மர் 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளம் வழியாகச் சுமார் 25,000 பேரிடமிருந்து ஏறத்தாழ 12 லட்சம் டாலர் திரட்டினார். ஒரு லட்சம் கேட்டவருக்குப் பன்னிரண்டு லட்சம் வந்ததை அதிசயமாகப் பேசினார்கள். அதற்கு முன்பே அவர் ஆண்டுக்கணக்காக மேடைக்கு மேடை ரசிகர்களைச் சந்தித்து வந்தவர் என்பதைச் சேர்த்துச் சொன்னவர்கள் குறைவு. இசைக் கலைஞர் ஜாக் கான்டே, பெரும் செலவில் எடுத்த காணொளிக்கு யூடியூப் விளம்பரத்தில் வந்த சொற்பத் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் 2013இல் நண்பரோடு, ரசிகர்கள் படைப்பாளிக்கு நேரடியாகப் பணம் தரும் பேட்ரியான் தளத்தைத் தொடங்கினார். லட்சக்கணக்கான பார்வைகள் வாடகை கட்டப் போதாது என்பதை அந்தத் தளத்தின் பிறப்பே ஒப்புக்கொள்கிறது.

தமிழ்ச் சூழலில் பெரும்பாலான படைப்பாளிகளுக்கு வருமானம் நேரடியாக ரசிகரிடமிருந்து வருவதில்லை. திருமண ஒளிப்படம், புத்தக அட்டை, திரைப்பட விளம்பர வடிவமைப்பு, வகுப்புகள், நிறுவன ஒப்பந்தங்கள் என்று சுற்றுவழியாக வருகிறது. இணையப் பெயர் அங்கே சம்பளமாக வருவதில்லை. சிபாரிசாக வேலை செய்கிறது. ஒரு பதிப்பாளரோ இயக்குநரோ ‘இந்த மாதிரி வேண்டும்’ என்று யாருடைய பெயரை நினைக்கிறார் என்பதே அதன் பண மதிப்பு. அதனால் பத்தாயிரம் பொது ரசிகர்களைவிடத் துறைக்குள் இருக்கும் இருபது பேருக்குத் தெரிந்திருப்பது பல நேரம் அதிகம் உதவும்.

விளம்பரப் பணம் வருகிறவர்களுக்குப் பொறுப்பும் வருகிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, காசோ பொருளோ வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 2022 ஜூலை முதல், தொழில் நிமித்தம் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் இலவசப் பொருளோ சலுகையோ பெற்றால் 10 சதவீத வரிப் பிடித்தமும் உண்டு. அன்பளிப்பாக வந்த கேமராவும் வருமானம்தான்.

எதிர்வாதங்கள்

இந்தப் போக்கை விமர்சிப்பவர்களின் வாதங்களில் வலு இருக்கிறது. ஆய்வாளர் புரூக் எரின் டஃபி 2017இல் வெளியிட்ட நூலில், நாகரிகம், அழகு போன்ற துறைகளில் இணையத்தில் எழுதிய இளம்பெண்களிடம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார். பிடித்த வேலைக்கு என்றாவது ஒருநாள் சம்பளம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இலவசமாக உழைக்கிறார்கள். அந்த நாள் வந்து சேர்வது மிகச் சிலருக்கே. வீட்டு வாடகையைக் குடும்பம் பார்த்துக்கொள்கிறவர் மூன்று ஆண்டு காத்திருக்கலாம். மற்றவர்களால் முடியாது. திறமைக்குச் சமமான களம் என்று சொல்லப்படும் இணையத்தில், காத்திருக்க முடிகிற வசதியே முதல் தகுதியாகிவிடுகிறது.

யாருடைய பெயர் முன்னால் வருகிறது என்பதிலும் பழைய ஏற்றத்தாழ்வுகள் தொடர்கின்றன. 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் கேட்கப்பட்ட ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலை எழுதி, பாடகி தீயுடன் சேர்ந்து பாடியவர் அறிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அவர் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். விவாதம் எழுந்த பிறகு இதழ் அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வெளியிட்டது. கோடிக்கணக்கான பார்வைகள் பெற்ற பாடலிலேயே எழுதியவர் பெயர் நழுவ முடியும் என்றால், அறிமுகம் இல்லாத கலைஞரின் கதி என்ன? பெண் படைப்பாளிகளுக்கு முகம் காட்டுவதோடு வசையும் மிரட்டலும் சேர்ந்து வருகின்றன. ‘தைரியமாக முகத்தைக் காட்டு’ என்ற அறிவுரை எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

பாணியே சிறையாவது மூன்றாவது சிக்கல். ஒரு விதமான படத்துக்குக் கைதட்டல் கிடைத்தால் அல்காரிதம் அதையே கேட்கும், ரசிகரும் அதையே கேட்பார். வேறொன்றை முயன்றால் எண்ணிக்கை சரியும். பல கலைஞர்கள் தங்கள் பழைய வேலையையே நகலெடுக்கத் தொடங்குவது இங்கேதான். இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு: அடையாளத்தை வடிவத்தில் மட்டும் வைக்காமல் அக்கறையில் வைப்பது. எந்த மனிதர்களை, எந்த நிலத்தை, எந்தக் கேள்வியை விடாமல் பார்க்கிறோம் என்பதில் பெயர் ஊன்றியிருந்தால் வண்ணமும் வடிவமும் மாறலாம், ஆள் மாறுவதில்லை.

முகம் காட்டாமலே பெயர் எடுக்கலாம் என்பதற்கும் சான்றுகள் உண்டு. சுவர் ஓவியர் பாங்க்சி தாம் யார் என்று வெளிப்படையாக அறிவித்ததில்லை. இத்தாலிய நாவலாசிரியர் எலெனா ஃபெரான்டே 1992இல் முதல் நாவலை வெளியிட்ட நாளிலிருந்து புனைபெயருக்குள்ளேயே இருக்கிறார். 2016இல் ஒரு பத்திரிகையாளர் அவரை அம்பலப்படுத்த முயன்றபோது வாசகர்களே கோபப்பட்டார்கள். இவர்களைப் பின்பற்றுவது எல்லாருக்கும் எளிதன்று. ஆனாலும் சொந்த வாழ்க்கையைத் திறந்து வைத்தால்தான் பெயர் வரும் என்ற கூற்றை இவ்விருவரும் பொய்யாக்கிவிட்டார்கள்.

நகலும் சட்டமும்

2022க்குப் பிறகு புதிய ஆபத்து ஒன்று சேர்ந்திருக்கிறது. போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கி கற்பனை உலகக் காட்சிகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் தெளிவான விவரணை சேர்த்து இணையத்தில் ஏற்றி வந்தவர். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்ததும், அவர் பெயரைச் சொல்லி அவர் பாணியில் படம் கேட்பவர்கள் பெருகினார்கள். 2022 செப்டம்பருக்குள் அவர் பெயர் சுமார் 93,000 முறை அப்படிப் பயன்பட்டதாகச் செய்தி வந்தது. அவர் பெயரைத் தேடினால் அவர் வரையாத படங்கள் வந்து நின்றன. தெளிவான பாணியும் தெளிவான பெயரும் கொண்டிருந்ததே அவருக்கு எதிராகத் திரும்பியது. 2025 மார்ச்சில் ஜிப்லி ஸ்டுடியோ பாணியில் குடும்பப் படங்களை மாற்றிக் கொண்டாடியபோது நம்மில் பலர் அதே செயலில் பங்கெடுத்தோம். சிகாகோ பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ‘கிளேஸ்’ போன்ற மென்பொருள்கள், படத்தில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் செய்து பாணியைக் கற்பதைக் குழப்புகின்றன. அவையும் முழுக் காப்பு அல்ல.

இந்தியச் சட்டத்தில் படைப்பு உருவானதுமே பதிப்புரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் பாணிக்குப் பதிப்புரிமை இல்லை. கருத்துக்கும் கருப்பொருளுக்கும் உரிமை கோர முடியாது, வெளிப்படுத்திய வடிவத்துக்கே உரிமை என்று 1978இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மாறாக, 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு படைப்பாளிக்குப் பெரும் துணை. உரிமையை விற்றுவிட்ட பிறகும் ‘இதைச் செய்தவன் நான்’ என்று கோரவும், பெயருக்கு ஊறு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கவும் அது இடம் தருகிறது. 17ஆம் பிரிவு அவ்வளவு அறியப்படாதது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டபடி எடுத்த ஒளிப்படத்துக்கும், வரைந்த ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். திருமணப் படங்களைத் தன் பக்கத்தில் ஏற்ற விரும்பும் கலைஞர் அந்த அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுப்பதற்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரபலங்களுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, வழக்கு நடத்தப் பணமில்லாத கலைஞர் வரை இறங்கிவர நாளாகும்.

முடிவாக

மேலே பார்த்த யாரும் அடையாளத்தை முதலில் தீர்மானித்துவிட்டு வேலையைத் தொடங்கியவர் அல்லர். வேலை முதலில் வந்தது, திரும்பத் திரும்ப வந்தது, அதில் ஒரு முகச்சாடை தெரிந்தது, பிறகு பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் கூடுதலாகச் சில காரியங்களைச் செய்தார்கள். ஒரே பெயரில் நின்றார்கள். தளம் மாறினாலும் கூட வரும் வாசகரைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயரைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது தொடங்குகிற இளம் கலைஞருக்கு இந்த ஆய்வு தரும் யோசனை சுருக்கமானது. இரண்டு ஆண்டு சலிக்காமல் பார்க்க முடிகிற ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். கடைப்பிடிக்கக்கூடிய ஒரு கால ஒழுங்கை வகுத்துக்கொள்ளுங்கள். தினமும் முடியாவிட்டால் வாரம் ஒன்று போதும். பெயரை ஓரத்தில் போடாமல் படைப்பின் உடம்போடு சேருங்கள். சொந்த முகவரி ஒன்றை இந்த மாதமே வாங்குங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் எங்கே வரும் என்று கேளுங்கள். சொந்த வாழ்க்கையில் எவ்வளவைத் திறப்பது என்பது உங்கள் விருப்பம்; அதற்கும் பெயருக்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டியதில்லை.

ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிடித்த படத்தைப் பகிரும்போது வரைந்தவர் பெயரைத் தேடிப் போடுங்கள். உங்களுக்கு அது அரை நிமிட வேலை. அந்தக் கலைஞருக்கு அடுத்த வேலை அந்த வழியாகத்தான் வரும்.